றூஜ் ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள்

கனடாவுக்குச் சென்று திரும்புவோரிடம் நம்மவர் முதலிற் கேட்கும் கேள்வி, நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்தீர்களா என்பதுதான். நானும் பார்த்தேன். அதைப்பற்றி எழுதியோர் பலர். படம் பிடித்தோர் அதனிலும் பலர். ஆகவே அதனை விடுத்து, ரொறன்ரோ மாநகரின் எல்லைக்குள்ளேயே உள்ள ஒரு வனத்தைப்பற்றி இங்கு எழுதலாமென எண்ணுகின்றேன். நம் மக்கள் நெருங்கி வாழும் ஸ்காபரோவிலிருந்து மோட்டார் வண்டியிற் கால்மணி நேர ஓட்டம். 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதக் கடைசியில், என் தமக்கையார் குடும்பத்தாருடன் அங்கே இரண்டு இரவுகள் கூடாரத்திற் கழித்தேன்.

புறப்படுவதற்கு முன்னரே ஒரு சங்கடம் நேர்ந்தது. வெளியிற் சென்று கூடாரமடித்துத் தங்கிக் களிப்பதை அந்நாட்டார் ‘காம்பிங்’ என்பர். அக்காளின் பேரனுக்கு அப்போது பதினொரு வயது. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடசாலைக்குப் போகின்றவன். தான் கற்ற சொற்களை அம்மம்மாவிடம் பிரயோகித்துப் பார்ப்பதில் ஆர்வமுடையவன். அன்று இரவுச் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து, “அம்மம்மா, வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் முகாமுக்குப் போறம்!” என்றான்.

அக்காள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அகராதிப்படி அவன் சொன்னதிற் பிழையொன்றும் இல்லை. ஆனால் நம் நாட்டுத் தமிழரின் செவியில் அச்சொல் எவ்வாறு விழும் என்பதை இதனைப் படிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கிலே, கடலுக்கும் விமான நிலையத்துக்கும் இடைப்பட்டது. 1990ஆம் ஆண்டு யுத்தத்தின்போது உடுத்த உடுப்போடு எழும்பினோம். நான் ஆசிரியத் தொழில் காரணமாக வேறிடத்துக்கு மாற்றம் பெற்றுப் போய்விட்டேன். அக்காளோ கணவரும் பிள்ளையுமாக ஒரு பாடசாலை மண்டபத்திலும், பின்னர் ஓலைக் கொட்டிலிலும் ஐந்து வருடம் இருந்தாள். 1995 ஒக்டோபர் முடிவிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த மழையில் அவளும் நடந்தாள். அதன் பின் வன்னியில் ஆறு வருடத்துக்கு மேல் தறப்பாளின் கீழே வாழ்ந்தாள். அத்தானை அங்கேதான் இழந்தாள். இத்தனைக்கும் பிறகு மகள் கனடாவில் வாழ்க்கைப்பட, 2008இல் அவளிடம் போய்ச் சேர்ந்தாள்.

“நான் வீட்டிலை நிக்கிறன். நீங்கள் போட்டு வாருங்கோ,” என்றாள் அக்காள். மருமகளும் வற்புறுத்தவில்லை. தாய் எதனை நினைக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியாதா? அந்தத் தறப்பாளின் கீழேதான் அவளும் பத்தாம் வகுப்புப் படித்தவள். ஆனால் புறப்படும் நாட்காலையில் அக்காள் தன் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “சின்னவள் நான் இல்லாமல் நித்திரை கொள்ளமாட்டாள்,” என்பது அவள் சொன்ன காரணம். எட்டு வயதுப் பேர்த்தி அப்படியொன்றும் சொன்னதாக நான் அறியேன்.

பைக்குப் பக்கத்தில் ஒரு மண்வெட்டியும் ஓர் ஈர்க்கு விளக்குமாறும் இருந்தன. கூடாரத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டவேண்டுமென்றாள். அங்கே நிலத்தைத் தோண்டுவது சட்டப்படி குற்றமென்று மருமகளின் கணவர் எடுத்துச் சொல்ல, மண்வெட்டி வீட்டிலே நின்றுவிட்டது. விளக்குமாற்றைப்பற்றி எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது வண்டியில் ஏறிற்று.

நாங்கள் சென்ற இடத்தின் பெயர் றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. பூங்கா என்றதும் வாசகர்கள் நமது விக்டோரியாப் பூங்காவையோ பேராதனைத் தாவரவியற் பூங்காவையோ எண்ணிவிடக் கூடாது. இது ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரந்த காடும், ஆறும், சதுப்பும், விளைநிலமும் ஆகும். தெற்கே ஒன்ராறியோ ஏரிக்கரையிலே தொடங்கி, வடக்கே ஓக் றிட்ஜஸ் என்னும் மேட்டு நிலம் வரையில் ஒரு நீண்ட பட்டியாகச் செல்கின்றது. 1995இல் மாகாண அரசின் ஆதரவில் ஒரு பிராந்தியப் பூங்காவாக இது அமைக்கப்பட்டது. வீடுகள் பெருகிப் பெருகி ஆற்றின் கரைவரை வந்துவிடும் என்று அஞ்சிய அயலவர்கள் பல்லாண்டு காலம் போராடியதன் பயனே அது. பின்பு 2015இல் கனடா நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமொன்றை இயற்றி, அந்நாட்டின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆக்கிற்று. உள்ளே நுழைவதற்குக் கட்டணம் கிடையாது. கூடாரமடிப்பதற்கு மட்டுமே பணம் செலுத்தவேண்டும்.

‘றூஜ்’ என்பது பிரெஞ்சு மொழியிற் சிவப்பு. ஆற்றின் கரைகளிலே செங்களி தெரிகின்றது. நம் மொழியிற் பெயரிட்டால் செவ்வாறு என்னலாம். பிரெஞ்சுக்காரர் வந்து பெயரிடு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்த காலம் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. ஏரியிலிருந்து வடக்கே செல்வோர், ஓடங்களைத் தோளிற் சுமந்து நடந்த பழம்பாதையின் ஒரு கிளை இவ்வாற்றை ஒட்டியே சென்றது. 17ஆம் நூற்றாண்டிலே செனக்கா மக்களின் ஊரொன்று ஆற்றின் கழிமுகத்துக்கு அண்மையில் இருந்தது. அவ்விடம் பீட் ஹில் என்னும் பெயரால் 1991இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது. அகழ்வுக்குரிய அந்த மேட்டுக்குப் பொதுமக்களை விடுவதில்லை. ஊர் இருந்த இடமென்று அறிந்துகொண்டு அப்பாற் செல்ல வேண்டியதுதான்.

கூடாரமடிப்பதற்கென ஒதுக்கப்பட்ட கிளென் றூஜ் என்னும் இடம் கிங்ஸ்ரன் வீதியை ஒட்டினாற்போல இருக்கின்றது. ரொறன்ரோ மாநகரிலே இத்தகைய இடம் இது ஒன்றுதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணியிருக்கும். வாயிற் காரியாலயத்தில் பெயர் பதிந்து, விறகும் அங்கேயே வாங்கினோம். வீட்டுக் கோடியில் வெட்டி அடுக்கிய விறகு கிடக்க, காசுக்கு விறகு வாங்குவானேன் என்று அக்காளுக்குப் பொறுக்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளோடு வந்து சேர்ந்ததாகக் கருதப்படும் பச்சை நிற வண்டொன்று ‘ஆஷ்’ என்னும் மரத்தின் பட்டைக்குள்ளே துளைத்து மரத்தையே கொன்றுவிடுகின்றது. 2007இல் அது ரொறன்ரோவிலும் காணப்பட்டது. விறகோடு விறகாக அது ஊர் விட்டு ஊர் போய்விடுமென்பதால், ஓரிடத்து விறகை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லாதீர் என எங்கும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும் கூடாது. உக்கி மண்ணாவதற்கு அதனை விட்டுவிடுகிறார்கள்.

மருமகளின் கணவர் கடையில் வாங்கிய இரண்டு கூடாரங்களையும் விரித்தார். வளையும் கம்பிகளைக் கோத்து நிமிர்த்தினாற் குடைபோல எழும்பும் வகை. எங்கே அடிப்பது என்பதிலேதான் வழக்கு வந்தது. அவர் புல் மெத்தென்று வளர்ந்த பள்ளமான ஓரிடத்தைத் தெரிந்தார். அதுவரை வண்டியிலே சாய்ந்து நின்ற அக்காள் மெல்ல வந்து நிலத்தைப் பார்த்தாள். காலால் இரண்டு மூன்று இடங்களில் மிதித்தாள். மேலே அண்ணாந்து கிளைகளைப் பார்த்தாள்.

“தம்பி, புல்லு செழிச்சு நிக்கிற இடம் தண்ணி நிக்கிற இடம். அந்தத் திட்டியிலை போடுங்கோ. வாசலைக் காத்துக்கு எதிர்ப்பக்கமாய் வையுங்கோ. அந்தப் பட்ட கொப்புக்குக் கீழை வேண்டாம்.”

அவர் மறுபேச்சின்றி இடத்தை மாற்றினார். பிறகு எல்லாம் அவள் சொற்படியே நடந்தன. முளைகளைச் சரித்து அடிக்கச் சொன்னாள். செருப்புகளை எங்கே கவிழ்த்து வைப்பது, உணவுப் பையை எங்கே தூக்குவது என்று ஒவ்வொன்றையும் சொன்னாள். நாங்கள் ஏவலாளராக நின்றோம். இரவு பத்து மணியளவில் மழை வந்தது. சாதாரண மழையன்று; இடியும் காற்றுமாக ஒரு மணி நேரம் கொட்டிற்று. முதலில் நாங்கள் தேர்ந்த பள்ளத்திலே கணுக்காலளவு தண்ணீர் நின்றதைக் காலையிற் கண்டோம். எங்கள் கூடாரத்தில் ஒரு துளி புகவில்லை.

அம்மழையின் நடுவே எல்லோரும் ஒரே கூடாரத்தில் ஒடுங்கியிருந்தோம். பேர்த்தி கூரைத் துணியை விரலால் தொடப் போனாள். “தொடாதை பிள்ளை, தொட்ட இடத்தாலை ஒழுகும்,” என்று அக்காள் கையைப் பிடித்தாள்.

பேரன் கேட்டான்: “அம்மம்மாவுக்கு எப்பிடி காம்பிங் பற்றி இவ்வளவு தெரியும்?”

மருமகள் தலை குனிந்துகொண்டாள். நான் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றலாமென்று வாயெடுக்கு முன் அக்காள் மறுமொழி சொன்னாள்.

“நாங்கள் முந்தி கனகாலம் செய்தனாங்கள்.”

“எத்தினை நாள்?”

“நாளோ? ஆறேழு வருஷம்.”

பையனுக்குக் கண்கள் விரிந்தன. “ஏழு வருஷமா? யூ ஆர் ஸோ லக்கி, அம்மம்மா!”

ஒரு கணம் மழையின் ஓசை மாத்திரம் கேட்டது. பிறகு அக்காள் சிரித்தாள். அவள் அவ்வாறு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அத்தான் போன பிறகு நான் காணவில்லை. சிரிப்பின் இடையிலே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்த நீரோ, வேறோ, நான் கேட்கவில்லை.

மழை ஓய்ந்த பிறகு வேறோர் ஓசை எழுந்தது. ரொறன்ரோவைக் குறுக்கறுத்துச் செல்லும் 401ஆம் இலக்கப் பெருஞ்சாலை அங்கிருந்து அதிக தூரமில்லை. இரவு முழுவதும் அதில் லொறிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காட்டின் அமைதியை நாடிப் போவோருக்கு இது பெருங் குறைதான். இதனை மறைப்பது முறையன்று. எனக்கு அது தலைவலியைத் தந்தது. அக்காள் மட்டும் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “வாடைக்காத்துக் காலத்துக் கடல் மாதிரிக் கிடக்குது, தம்பி,” என்றாள். எங்கள் ஊரிலே கார்த்திகை மாதத்து இரவுகளிற் கடல் இரைவதைப் படுக்கையிற் கிடந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் சொன்ன பின் எனக்கும் அவ்வாறே கேட்டது.

மறுநாட் காலை நடக்கப் புறப்பட்டோம். பூங்காவினுள் பல நடைபாதைகள் இருக்கின்றன. விலங்குக்காட்சிச் சாலைக்கு அண்மையிலுள்ள விஸ்ரா பாதையிலே உயரமான மேடையொன்று கட்டப்பட்டிருக்கின்றது. இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கு முழுதும் நிறம் மாறுவதை அங்கு நின்று பார்க்கலாம். எங்கள் கூடாரத்துக்கு அடுத்துத் தொடங்குவது மாஸ்ற் பாதை. ‘மாஸ்ற்’ என்பது பாய்மரம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே இக்காட்டின் வெண் பைன் மரங்களைத் தறித்துக் கப்பல்களுக்குப் பாய்மரமாக இழுத்துச்சென்ற வழி இது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். தொடக்கத்திலே ஏற்றம் மூச்சை வாங்குகின்றது. எழுபது வயது அக்காள் மூன்று தரம் நின்று நின்று ஏறினாள். மேலே சென்றதும் இரு புறமும் பள்ளம் விழ, நடுவே முதுகெலும்புபோற் பாதை ஓடுகின்றது. ஹெம்லொக் மரங்களின் கீழே பகலிலும் இருட்டு. மேப்பிள் மரங்களோ அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. ஒரு மரத்தில் ஒரேயொரு கொப்பு மாத்திரம் குங்குமமாக நின்றதைப் பிள்ளைகள் சுட்டிக் காட்டினார்கள்.

நடைக்குப் போவோர் இரண்டு விடயங்களிற் கவனமாக இருத்தல் வேண்டும். ஒன்று, ‘பொய்சன் ஐவி’ என்னும் செடி. ஒரு காம்பில் மூன்று இலையாக நிற்கும். நமது காஞ்சொறிக்குத் தமையன் என்னலாம். பட்டால் உடனே தெரியாது. பிறகு கொப்புளம் போட்டு நாட்கணக்கில் வருத்தும். மற்றது உண்ணி. மான்களிலும் எலிகளிலும் ஏறித் திரியும் ஒருவகைக் கரிய கால் உண்ணி கடித்தால் ‘லைம்’ என்னும் நோய் வரக்கூடும். ஆதலால் நீண்ட காற்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள்ளே செருகிக்கொண்டு நடக்கிறார்கள். சேலையை விடமாட்டேன் என்ற அக்காளை மகளின் காற்சட்டையொன்றைச் சேலைக்குள்ளே போட்டுக்கொள்ளச் செய்தோம். அக்கோலத்தைப் படம் பிடிக்க அவள் அனுமதிக்கவில்லை.

பாதை இறங்கி முடியுமிடத்தில் ட்வின் றிவேர்ஸ் என்ற சாலை வருகின்றது. றூஜ் ஆறும் சின்ன றூஜ் என்னும் அதன் துணையாறும் அச்சாலையை அடுத்தடுத்து ஊடறுத்துச் சென்று, கீழே ஒன்றாகக் கலக்கின்றன. பாலத்தருகே கூட்டமாகச் சனம் நின்றது. எட்டிப் பார்த்தோம். முழங்காலளவு நீரிலே, கையின் நீளமுள்ள பெரிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் துள்ளி, கல்லில் மோதி, பின்வாங்கி, மறுபடியும் துள்ளின. முதுகின் தோல் உரிந்து வெண்புள்ளி விழுந்திருந்தது.

இவை சினூக் சாமன் மீன்கள். வாழ்நாளின் பெரும் பகுதியை ஏரியிற் கழித்து, முட்டையிடும் காலம் வந்ததும் ஆற்றுக்குள் ஏறுகின்றன. ஏறத் தொடங்கிய பின் இரை எடுப்பதில்லை. மேலே சரளைக் கற்களினிடையே முட்டையிட்டு முடிந்ததும் இறந்து போகின்றன. இவ்வாற்றுக்கு உரிய பழைய சாமன் வேறோர் இனம். காடுகளை அழித்ததாலும், ஆலைகளுக்காக ஆறுகளை மறித்ததாலும், அளவின்றிப் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அது ஒன்ராறியோ ஏரியிலே அற்றுப் போயிற்று. இப்போது ஏறுபவை பசிபிக் கடலோரத்திலிருந்து கொண்டுவந்து 1960களின் பிற்பகுதி முதலாக ஏரியில் விடப்பட்ட மீன்களின் வழிவந்தவை. வந்தேறிகள்தான். ஆனால் இந்த ஆறுதான் தம் ஆறு என்று அவற்றுக்கு இப்போது தெரிந்திருக்கின்றது.

அக்காள் வெகு நேரம் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஆழ்ந்து யோசிக்கிறாள் என்று நான் எண்ணியிருக்க, “இந்தப் பாரை மாதிரிக் கிடக்கிறதைக் குழம்பு வைச்சால் எப்பிடியிருக்கும்?” என்று கேட்டாள். ஆறு ஏறிய பின் சதை கெட்டுப்போகும் என்று மருமகளின் கணவர் சொல்ல, அவளுக்கு அந்தச் சமாசாரத்திலே சுவை குன்றிவிட்டது.

சாலையைக் கடந்தால் ஓச்சேட் பாதை. பெயருக்கேற்ப அது ஒரு காலத்திலே பழத்தோட்டமாக இருந்த நிலம். காடு மீண்டும் வந்து மூடிவிட்டது. ஆயினும் இடையிடையே ஆப்பிள் மரங்கள், கவாத்துப் பண்ண ஆளின்றிக் கண்டபடி வளர்ந்து, சொறி விழுந்த சிறு காய்களோடு நிற்கின்றன. அவ்விடத்திலே ஓய்வெடுக்க உட்கார்ந்தோம். அக்காள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “இதிலை ஆரோ குடியிருந்திருக்கினம்,” என்றாள்.

அங்கேதான் மருமகளின் கணவர் ஒரு கதை சொன்னார். அது அந்தத் தோட்டத்தின் கதையன்று. பூங்காவின் வடகிழக்கு எல்லையை அடுத்த பிக்கரிங் நிலத்தின் கதை. 1972இல் மத்திய அரசு ரொறன்ரோவுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையம் வேண்டுமென்று தீர்மானித்து, அங்கே 18,600 ஏக்கர் நிலத்தைச் சுவீகரித்தது. கனடாவிலேயே சிறந்த பயிர்மண் அது. தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த குடும்பங்கள் அங்கிருந்தன. மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1975இல் மாகாண அரசு வேண்டிய சாலை, குழாய் முதலிய வசதிகளைச் செய்து தர மறுக்கவே, வேலை நின்றுபோயிற்று. ஆயினும் நிலம் உரியவர்களிடம் திரும்பவில்லை. சிலர் தம் சொந்த நிலத்திலேயே அரசாங்கத்துக்கு வாடகை கொடுத்துப் பயிர் செய்தார்கள். ஏனையோர் போய்விட்டார்கள். வெறுமையான வீடுகள் பல இடிக்கப்பட்டன. அந்நிலத்தில் ஒரு பகுதி பின்னர் இப்பூங்காவுடன் சேர்க்கப்பட்டது.

அக்காள் கேட்டாள்: “பிறகு பிளேன் வந்ததோ?”

“இல்லை, மாமி.”

“ஒண்டும் கட்டேல்லையோ?”

“ஒண்டும் கட்டேல்லை.”

“அப்ப ஏன் சனத்தை எழுப்பினவை?”

அவர் என்ன சொல்வார்? பிள்ளைகள் காய்களைப் பொறுக்கி எறிந்து விளையாடினார்கள். அக்காளின் காணியை விட்டுவிட்டார்கள் என்னும் செய்தியோடும் சில படங்களோடும்தான் நான் அம்முறை கனடாவுக்குப் போயிருந்தேன். வீட்டின் சுவர் இரண்டு அடி உயரத்துக்கு நின்றது. நடு அறையிலே வேம்பு வளர்ந்து கூரையிருந்த உயரத்தைத் தாண்டியிருந்தது. கிணறு மாத்திரம் கட்டுக் குலையாமல் இருந்தது. வந்த முதல் நாளே படங்களைக் காட்டினேன். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தக் காட்டு ஆப்பிள் மரத்தடியிலே உட்கார்ந்துகொண்டு, “அந்த வேம்பை வெட்டாதை தம்பி. கிணத்தை மட்டும் இறைச்சு விடு,” என்றாள்.

பிக்கரிங் விமான நிலையத் திட்டத்தை அடியோடு கைவிடுவதாகவும், நிலத்தைப் பாதுகாப்பதற்கு வழி காண்பதாகவும் 2025 ஜனவரியிலே கனடா அரசு அறிவித்தது. பத்திரிகையிற் கண்டவுடன் அக்காளுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். ஐம்பத்து மூன்று வருடம் என்று தானே விரல் மடித்து எண்ணிச் சொன்னாள்.

சனிக்கிழமை இரவுச் சமையல் அக்காளுடையது. அந்நாட்டார் கூடாரத்தடியில் ‘மாஷ்மலோ’ என்னும் பஞ்சு மிட்டாயைக் குச்சியிற் குத்தி நெருப்பில் வாட்டித் தின்பர்; பிள்ளைகளும் அதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தார்கள். ஆனால் அக்காளின் பையிலிருந்து ஒடியல் மாவும், பொரித்துக் காயவைத்த மீனும், பயிற்றங்காயும், பலாக்கொட்டையும், புளியும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளிற் கிடையாத பொருள் இல்லை. பெரிய சட்டியை இரும்பு வளையத்தின்மேல் ஏற்றிக் கூழ் காய்ச்சினாள். நண்டும் இறாலும் சேர்ந்த வாசனை ஆற்றங்கரையெங்கும் பரவ, அடுத்த கூடாரத்துச் சீனக் குடும்பத்தார் மெல்ல எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இரண்டு கிண்ணம் போயிற்று. பதிலாகப் பன்றி இறைச்சி சேர்ந்த பலகாரமொன்று வந்தது. அக்காள் கும்பிட்டு வாங்கி எனக்குத் தந்துவிட்டாள்.

வாசனை வேறொரு விருந்தாளியையும் அழைத்து வந்தது. றக்கூன் என்பது நம்மூர் மரநாயின் அளவும் அதனிலும் மிகுந்த களவுத்திறமையும் உடைய பிராணி. கண்களைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியதுபோன்ற முகம். மனிதக் கைபோன்ற முன்னங்கால்களாற் பெட்டியின் கொளுக்கியையே திறந்துவிடும். உணவையெல்லாம் வண்டிக்குள்ளே வைத்துப் பூட்டவேண்டும் என்று காரியாலயத்தில் எச்சரித்திருந்தும் பாண் பையொன்றை மேசையில் மறந்துவிட்டோம். அக்காள் அகப்பையோடு துரத்தினாள். அது பாணை விடாமல் மூன்று காலால் ஓடி மரத்திலேறி, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது.

நெருப்புத் தணலாக அடங்கிய பின் பேரன் அம்மம்மாவின் பக்கத்திலே வந்து உட்கார்ந்தான். தாய் அன்று பகலில் அவனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். “அம்மம்மா, அது காம்பிங் இல்லையாமே,” என்றான் தயங்கித் தயங்கி.

அக்காள் சொன்னாள். இடம்பெயர்ந்த கதையை அவள் வாயால் முழுமையாக நான் கேட்டதும் அன்றைக்குத்தான். மழையில் நடந்தது, ஒரு மைல் நகர ஐந்து மணி நேரம் சென்றது, வழியிலே ஒரு கிழவி தன் ஆட்டைத் தோளிலே போட்டுக்கொண்டு போனது, தறப்பாளின் வெக்கையில் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலைக்காக இரண்டு கட்டை நடந்தது. அழவில்லை. சின்னவளின் தலைக்கு மடியைக் கொடுத்துக்கொண்டு, இடைக்கிடை தணலைக் கிளறியபடி சொல்லிக்கொண்டே போனாள்.

“அந்தக் கூடாரம் இப்ப எங்கை?” என்று பையன் கேட்டான்.

“கிழிஞ்சு போச்சு. நல்லாய்க் கிடந்த துண்டை வெட்டிக் கிணத்தடிக்கு மறைப்புக் கட்டினனான். மிச்சத்தை உன்ரை அம்மா புத்தகம் நனையாமல் சுத்தி வைச்சவள்.”

மருமகள் எழுந்து சென்று, இல்லாத ஒரு பொருளை வண்டிக்குள்ளே வெகு நேரம் தேடினாள்.

செல்ல விரும்பும் மாணவருக்கும் குடும்பத்தாருக்கும் இரண்டு சொல். இவ்விடம் குளிர்காலத்துக்குரியதன்று, கூடாரத்துக்கான பருவத்தையும் இடத்தையும் முன்கூட்டியே விசாரித்துப் பதிந்துகொள்ளல் வேண்டும். செப்டெம்பர் இரவில் நமக்குத் தடித்த போர்வை இரண்டு தேவை. வண்டி இல்லாதவரும் நகரப் பேருந்திற் போகலாம். நடைபாதைகளுக்கு நாளும் பொழுதும் பார்க்க வேண்டியதில்லை. ஏரிக்கரைக் கழிமுகத்தையும் தவறவிடக்கூடாது. நாங்கள் ஞாயிறு மாலையில் அங்கே போய்ச் சற்று நேரம் நின்றோம். பெரிய நீலக் கொக்கொன்று சதுப்பில் அசையாமல் நின்றதைத் தவிர விசேடமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கு முன் காலையில் இடத்தை ஒப்படைக்கும் வேளை வந்தது. மருமகளும் கணவரும் கூடாரத்தை மடித்தார்கள். கடையிலிருந்து வந்த உறைக்குள் அது மறுபடி புகுவதாக இல்லை. அக்காள் வாங்கி நிலத்தில் விரித்து, முழங்காலால் காற்றை அமுக்கி, இறுக்கிச் சுருட்டி, ஒரே தடவையில் உள்ளே போட்டுக் கட்டினாள். பிறகு வண்டியின் பின்புறத்திலிருந்து விளக்குமாற்றை எடுத்தாள்.

“அம்மா, இது காடு. இஞ்சை ஆரும் கூட்டுறேல்லை,” என்றாள் மருமகள்.

அக்காள் குனிந்து கூட்டத் தொடங்கிவிட்டாள். கூடாரம் இருந்த சதுரத்தையும், அடுப்படியையும், வாசலாக இருந்த பக்கத்தையும் ஈர்க்கின் கோடுகள் வரிவரியாக விழும்படி கூட்டினாள். சின்னவள் ஓடிப்போய் விளக்குமாற்றின் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததாக வரவிருந்த குடும்பம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தது. கூட்டி முடித்து, விளக்குமாற்றைத் தட்டி வண்டிக்குள்ளே வைத்த பின்னரே அக்காள் ஏறினாள்.